அப்பா சாப்பிட்டது போக

மே 8, வெள்ளி

டைரி எழுதுகிற வியாதியெல்லாம் எனக்குக் கிடையாது. வெளிநாட்டில் என் போனுக்கு நெட் போட முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஒன்பது நாள் கையை என்ன செய்வது? கடையில் சிமென்ட் கம்பெனி கொடுத்த டைரிகள் பெட்டியோடு கிடந்தன. ஒன்றை உருவிக்கொண்டேன்.

தாராபுரத்தில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. அதிகமாகச் சிமென்ட் விற்ற டீலர்களைக் கம்பெனி குடும்பத்தோடு வியட்நாம் கூட்டிப் போகிறது. அப்பா இதற்கு முன் மூன்று டூரைத் தவறவிட்டார். முதல் இரண்டின்போது டயாலிசிஸ். மூன்றாவதின்போது அம்மாவின் கிட்னி ஒன்று அவருக்குள் குடிபோய்க்கொண்டிருந்தது. சினிமாவில் மனைவிகள் இதயத்தைக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் கொஞ்சம் கீழே.

இது டூரில் யாருக்கும் தெரியக் கூடாது. ஆபரேஷன் நடந்தது முதுகுத்தண்டில் என்றுதான் ஊருக்கே சொல்லியிருக்கிறோம். "சென்னியப்பன் இனிமே ஓட மாட்டாரு" என்று கம்பெனி நினைத்துவிட்டால் ஏஜென்சியை வேறு ஆளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுமாம். அந்த வேறு ஆள் யார் என்பதும் அப்பாவுக்குத் தெரியும். காங்கேயம் மாரப்பன் மாமா. அவரும் டூருக்கு வருகிறார், அதே பஸ்.

கோயம்புத்தூர் டாக்டர் அரை மனதோடு சம்மதித்தார். அந்நிய கிட்னி என்று உடம்பு சண்டைக்குப் போகாமல் இருக்க அப்பா தினமும் காலையும் இரவும் மாத்திரை போடுகிறார். அது உடம்பின் வாட்ச்மேனைத் தூங்க வைக்கிற மாத்திரை. வாட்ச்மேன் தூங்கினால் எந்தத் திருட்டுக் கிருமியும் உள்ளே வரலாம். நமக்கு இரண்டு நாள் வயிற்றோட்டம் என்றால், அப்பாவுக்கு அதே சாப்பாட்டில் கிட்னியே போய்விடலாம்.

அதனால் சட்டங்கள். சாப்பாடு கண் முன்னால் ஆவி பறக்க வேண்டும். பச்சைக் காய்கறி, ஐஸ் கூடாது. தண்ணீர் சீல் உடைக்காத பாட்டிலில். பழம் என்றால் நாமே தோலுரித்தது. பம்பளிமாஸ் பக்கமே போகக் கூடாது, அது மாத்திரையோடு சண்டை போடும். சமைத்ததில் மிச்சமானதைக் கொட்டிவிட வேண்டும், எடுத்து வைத்துச் சாப்பிடக் கூடாது.

அம்மா குட்டி ரைஸ் குக்கர், அரிசி, பருப்பு, ரசப்பொடி எல்லாம் கட்டிவிட்டாள். எனக்கு வேலை, உணவுக் காவல்.

"முதல்ல எறங்கற ஊரு ஹனோயாம்மா. பேருலயே நோய் இருக்குது, பாத்தியா?" என்றேன்.

முதுகில் ஒன்று விழுந்தது.

மே 9, சனி

வந்து சேர்ந்தோம். தூக்கமில்லை. வெயில் தாராபுரத்து வெயில்தான், ஆனால் நனைத்துப் பிழிந்து கொடுக்கிறார்கள்.

டூர் மேனேஜர் ஜெரால்டு அண்ணன், சென்னை. கையில் ஒரு கொடி. கொடியைப் பார்த்தபடி நடக்க வேண்டும், கொடி நின்றால் நிற்க வேண்டும். நாற்பது டீலர் குடும்பங்கள், ஒரு கொடி.

இந்த ஊரில் வணக்கம் சொல்வது மூக்கைத் தொட்டு என்று மாரப்பன் மாமாவிடம் சொன்னேன். ரிசப்ஷன் பெண்ணிடம் மாமா பவ்யமாக மூக்கைத் தொட்டு நின்றார். அந்தப் பெண் ஒரு டிஷ்யூ எடுத்து நீட்டினாள். இன்று நான் சிரித்தது அவ்வளவுதான்.

மத்தியானம் பஃபே. மாமா தட்டில் ஒரு சின்ன மலை. அப்பா வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னங் மாப்ள, தட்டு வெறுசாக் கெடக்குது? எறாலப் பாருங், ஒவ்வொண்ணும் கட்டை வெரலு தண்டி!"

அப்பா என்னைப் பார்த்தார். இந்தப் பார்வை எனக்குப் பழக்கம். பொய் சப்ளை செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

"அப்பாவுக்கு வெரதமுங் மாமா. சென்னிமல முருகனுக்கு நேந்திருக்கறாரு. எங்கம்மா கையால ஆக்குனதுதான் திங்கோணும்."

"வெளிநாட்டுலயுமா?"

"முருகனுக்கு வெளிநாடு உள்நாடுன்னு இருக்குதுங்களா?"

மாமா இறாலை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பக்தின்னா இதுங். நானும்தான் இருக்கறனே, எறாலும் கையுமா." பிறகு இறாலை எடுத்துக்கொண்டார்.

ரூமில் சமைக்கக் கூடாது என்று ஒட்டியிருக்கிறது. அம்மா குக்கரை பாத்ரூமில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்று துண்டால் ஆவியை விசிறினேன். பருப்பு சாதம். அப்பா பாதிதான் சாப்பிட்டார். மாத்திரையால் வாய் கசக்கிறதாம்.

நாங்கள் கீழே இறங்குவதற்குள் பஃபேயை மூடிவிட்டார்கள். நான் முதலிலேயே மாமாவோடு தின்றுவிட்டேன். அம்மா மீதிச் சாதத்தை டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். ஏரி, கோயில், இன்னொரு கோயில் எல்லாம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் பஸ்ஸில் அதைத் தின்றாள்.

"கொட்டச் சொன்னாருல்லம்மா டாக்டரு?"

"உங்கப்பாவுக்குத்தான சொன்னாரு."

மே 10, ஞாயிறு

விடியும் முன் எழுப்பினார்கள். பஸ். கொடி. படி. கொடி. பஸ்.

தெருவெல்லாம் ஃபோ என்று ஒரு சூப். பெரிய குண்டானில் கொதிக்கிறது, பார்த்தாலே வாட்ச்மேன் எழுந்துவிடுவான் போல. "அப்பா, ஃபோ" என்றேன். "நீ போ" என்றார். சூப் கொதிக்கிறதுதான், ஆனால் மேலே பச்சை இலையைக் கை நிறைய அள்ளிப் போடுகிறார்கள். நான் மட்டும் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு எப்போதும் ஒன்றும் ஆவதில்லை.

காலையில் ஆக்கிய ரசம் சாதத்தில் அப்பா தின்றது போக இருந்ததை அம்மா மத்தியானம் தின்றாள். மத்தியானம் ஆக்கியதில் இருந்ததை ராத்திரி தின்றாள். எப்போதும் ஒரு வேளை பின்னால்தான் ஓடுகிறாள். அவள் மட்டும் வேறு டைம் ஜோனில் இருக்கிறாள் என்றேன். அப்பாவுக்கு ஜோக் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது, ஆனால் சிரிக்கத் தெம்பில்லை.

மே 11, திங்கள்

கடலுக்குள் பாறைகள் நிற்கிற இடம், ஹாலாங். பெரிய படகு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காவல்காரனுக்கு ஏது காட்சி?

படகில் மாரப்பன் மாமா ஒரு பெரிய பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். வாசனை வந்த பிறகுதான் திரும்பினேன். பம்பளிமாஸ்.

"மாப்ள, வெரதத்துக்குப் பழம் ஒண்ணும் பண்ணாதுங். நானே கை களுவீட்டு உரிச்சது." ஒரு சுளையை அப்பாவின் கையில் வைத்துவிட்டார். கம்பெனியின் ஏரியா மேனேஜர் எதிரே உட்கார்ந்திருந்தார். அப்பா வேண்டாம் என்று இழுத்தார். மாமா விடவில்லை. "முருகனுக்கே பழத்தாலதானுங் சண்டையே வந்துச்சு!" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தபடி சுளையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தின்ன மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் தின்றுவிடுவார் போலவும் இருந்தது.

நான் பாய்ந்து பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டேன். மாமா மடியில் இருந்த மீதியையும் அள்ளிக்கொண்டு படகின் பின்பக்கம் ஓடினேன்.

"பையன இப்பிடியா வளத்தறது?" என்று யாரோ ஒரு அத்தை சொன்னது கேட்டது. "பஞ்சத்துல அடிபட்டவனாட்ட."

அப்பா மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு பழத்தையும் தின்று முடித்தபோது நாக்கு எரிந்தது. முன்பெல்லாம் சேட்டை பண்ணினால் ஜாலியாக இருக்கும். இப்போது மூட்டை தூக்கிய மாதிரி இருக்கிறது.

பின்பக்கத்தில் அம்மா இருந்தாள். வெயில் படுகிற பெஞ்ச். மடியில் டப்பா. கூட்டத்துக்கு முன்னால் பழைய சாதம் தின்றால் விரதக் கதை கெட்டுவிடும் என்று இங்கே வந்துவிட்டாளாம். மூடியைத் திறந்ததும் லேசாக ஒரு வாடை வந்தது.

"என்னம்மா, புளிச்சிருச்சா?"

"எலுமிச்சம்பழம் பிளிஞ்சிருக்கறண்டா."

"உனக்கு ஒரு போர்டு மாட்டோணும். மறுசுழற்சி நிலையம். ஞாயிறு விடுமுறை."

"ஞாயித்துக்கெளமையும் உண்டு" என்று சிரித்தாள். தண்ணீர் நீட்டினேன். ஒரு மடக்குதான் குடித்தாள். கரை சேர இன்னும் எவ்வளவு நேரமோ, படகில் பாத்ரூம் எப்படி இருக்குமோ என்றாள். பஸ்ஸிலும் இப்படித்தான். டூருக்கு வந்ததிலிருந்து பல்லியைப் போலத்தான் தண்ணீர் குடிக்கிறாள்.

அப்பா குடிக்கிற தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது. அதை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

மே 12, செவ்வாய்

கம்பெனி விழா. ஓட்டல் ஹாலில் மேடை, புகை, பாட்டு. அப்பாவுக்கு ஷீல்டு. "நோயே அண்டாத மனுசன், நம்ம தாராபுரம் சென்னியப்பன் சார்" என்று ஏரியா மேனேஜர் மைக்கில் சொன்னார். முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு அப்புறமும் டார்கெட் அடித்தவராம். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அப்பா நிமிர்ந்து நின்றார். டயாலிசிஸ் நாட்களில் கடை ஷட்டரைத் தூக்க முடியாமல் திண்டாடிய ஆள். போட்டோவில் நன்றாக விழுந்திருப்பார்.

அம்மா நடுவில் இரண்டு முறை வெளியே போனாள். சேலை சரி பண்ண என்றாள். மூன்றாவது முறை போனதற்குக் காரணம் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"என்னம்மா?"

"ஏசி ஒத்துக்கல. உங்கப்பாகிட்டச் சொல்லீட்டு இருக்காத. இன்னிக்கு அவரு நாளு."

சொல்லவில்லை.

மே 13, புதன்

பஸ்ஸில் எழுத முடியாது. இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். வெளிச்சம் போவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். வேறு செய்ய ஒன்றுமில்லை.

காலையில் இன்னொரு ஊருக்குப் புறப்பட்டோம். பஸ் நகரத்தைத் தாண்டுவதற்குள் அம்மா கவரை எடுத்துவிட்டாள். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வாந்தி எடுப்பது நம் ஊர் வழக்கம்தானே. யாரோ எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். ஜெரால்டு அண்ணன் முன் சீட்டை ஒழித்துக் கொடுத்தார். இரண்டாவது கவர். மூன்றாவது கவரில் வெறும் தண்ணீர்கூட வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு நடந்திருக்கிறாள். அப்பா எழுந்துவிடக் கூடாது என்று ஃப்ளஷ்கூடச் செய்யாமல் பக்கெட்டில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

மாரப்பன் மாமா மருந்துப் பையோடு வந்தார். அவர் பை ஒரு குட்டி மெடிக்கல் ஷாப்.

"தங்கச்சி, இது வவுத்துக்கு, இது வலிக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுட்டுப் படுங். எறங்கறக்குள்ள எந்திரிச்சு நடப்பீங்."

வலி மாத்திரை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிட்னி வாங்கியவருக்குப் பெரிய பட்டியல். கொடுத்தவருக்கு இரண்டே வரி. வலி மாத்திரை சும்மா போடக் கூடாது. உடம்பில் தண்ணீர் வற்றக் கூடாது. இரண்டே வரி என்பதால் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கும் ஞாபகம் இருந்தது. அவள் என்னைப் பார்த்ததிலேயே தெரிந்தது. ஆனாலும் கையை நீட்டிவிட்டாள்.

"மாமா, அம்மாவுக்கும் வெரதமுங்" என்றேன்.

"மாத்தரைக்கு என்றா வெரதம்?" மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவ துடிக்கறா, இவன் பாரு, வெளையாட்டு!"

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு பொய் தேடினேன். வாயில் ஒன்றும் வரவில்லை. எனக்கு இப்படி ஆனதே கிடையாது. அம்மா மாத்திரையை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"அதப் போடாத, தமயந்தி!"

அப்பா எழுந்து நின்றிருந்தார். பஸ் ஆட்டத்தில் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்திருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க, நீங்க உக்காருங்க" என்றாள் அம்மா. "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்." அப்பா திரும்பி மொத்த பஸ்ஸையும் பார்த்தார். ஏரியா மேனேஜரும் அதில் இருந்தார். "அவளுக்கு ஒரே கிட்னிதாங்க. இன்னொண்ணு என்ற வவுத்துல இருக்குது. முதுகுத்தண்டெல்லாம் பொய்யி. வெரதமும் பொய்யி. ஜெரால்டு தம்பி, வண்டிய ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல்லுங்."

மாரப்பன் மாமா அம்மாவின் கையிலிருந்து மாத்திரையைத் தானே எடுத்துக்கொண்டார். எடுத்துப் பையில் போடத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு டிரைவரைப் பார்த்து, அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையே மறந்து, "திருப்புப்பா வண்டிய!" என்று கத்தினார்.

அம்மா கம்பியில் சாய்ந்தபடியே சொன்னாள், "ஏனுங்க, இப்பிடிப் பண்ணீட்டீங்களே. இவ்வளவு நாள் காப்பாத்துனது."

அப்பா அவளுக்குப் பக்கத்தில் உட்கார வந்தார். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"கிட்ட வராதீங்க. உங்களுக்கு ஒட்டிக்கும்."

அவர் ஒரு சீட் பின்னால் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் நான்தான் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது.

மே 14, வியாழன்

அம்மாவுக்கு டிரிப். கண் உள்ளே போயிருக்கிறது. கிட்னி வடிகட்ட வேண்டிய கிரியேட்டினின் என்கிற கழிவு ரத்தத்தில் ஏறியிருக்கிறது. ஒற்றைக் கிட்னிக்குத் தண்ணீர் போதவில்லையாம். தானாகத் தேறலாம், தேறாமலும் போகலாம், நாளைக்குத் தெரியும் என்கிறார்கள். நாளைக்கு என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

டாக்டர் ஒரு சின்ன அக்கா. எங்களைப் போலவே அவருக்கும் ஆங்கிலம் கடன் வாங்கிய மொழி. அதனால் புரிந்தது. ஓட்டலில் எல்லோரும் தின்றதைத்தானே உன் அம்மாவும் தின்றார், மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்களே என்று கேட்டார்.

"அம்மா ஓட்டலில் தின்னவில்லை. அப்பாவுக்குச் செய்ததைத் தின்றார்."

"அப்பாவுக்கு ஒன்றும் இல்லையே?"

"அப்பா சூடாகச் சாப்பிட்டார். அம்மா மிச்சத்தை."

"எவ்வளவு நேரம் கழித்து?"

சொன்னேன். ஒவ்வொரு வேளையாகச் சொன்னேன். ஏரி, படகு, விழாவுக்கு முன்னால். டப்பாவைப் பற்றியும் வெயில் பெஞ்சைப் பற்றியும் சொன்னேன். சோற்றை வெப்பத்தில் வைத்தால் அதில் ஒன்று வளரும், அது விடுகிற விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது, டெஸ்ட் வரட்டும், ஆனால் என் சந்தேகம் சோற்றின் மேல்தான் என்றார். பிறகு கேட்டார், ஓட்டலில் அவ்வளவு சாப்பாடு இருந்ததே, ஏன்?

எனக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் வந்திருக்காது.

அப்பாவை உள்ளே விடவில்லை. வியாதிகள் நிறைந்த இடம், நீங்கள் ஓட்டலுக்குப் போங்கள் என்கிறார்கள். அவர் போகவில்லை. வாசலுக்கு வெளியே மரத்தடியில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளேயிருந்து சேதி கொண்டுபோகிறேன், வெளியிலிருந்து சேதி கொண்டுவருகிறேன். உள்ளே, "உங்கப்பா மாத்தர போட்டாரா?" வெளியே, "உங்கம்மா கண்ணு முழிச்சாளா?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அப்பா மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு வேண்டாமுன்னு கொட்டச் சொன்னதையெல்லாம் அவ வவுத்துல கொட்டீட்டு இருந்திருக்கறாளா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்."

அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அதற்கு மறுசுழற்சி நிலையம் என்று பேர் வைத்திருந்ததையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

"எனக்கும் தெரியும்" என்றார். "டப்பாவுல போடறதப் பாத்தேன். நம்மூட்ல எப்பவும் நடக்கறதுதானன்னு இருந்துட்டேன்."

சாயங்காலம் மாரப்பன் மாமா டாக்சியில் வந்தார். பஸ் போய்விட்டது, அவர் மட்டும் இறங்கிக்கொண்டாராம். எங்கள் பெட்டிகளையும் ரைஸ் குக்கரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி எடுத்து வந்திருந்தார். குக்கர் கழுவியிருந்தது.

"என்ற கையாலயே களுவுனேன் மாப்ள. வெந்நி ஊத்தி."

அப்பா நன்றி சொன்னார். பிறகு இரண்டு பேரும் ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மேனேஜர் என்ன சொன்னாருங்?" அப்பாதான் கேட்டார்.

"ஒடம்பப் பாத்துக்கச் சொன்னாரு. மத்தத ஊருக்கு வந்து பேசிக்கலாமுன்னாரு."

"பேசிக்கலாமுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

மாமா செருப்பால் மண்ணைக் கிளறினார். "பாருங் மாப்ள, மனசுல வெச்சுட்டுப் பேச எனக்கு வராது. எனக்குக் குடுத்தா வாங்கிக்குவேன். ஏவாரி நானு. ஆனா நானாப் போயிக் கேக்க மாட்டேன். இவ்வளவுதானுங் என்னால முடியும்."

"அது போதுங்" என்றார் அப்பா.

மாமா போகும்போது என் தலையில் தட்டினார். "அந்தப் பம்பளிமாசு. எனக்கு இப்பத்தான் வெளங்குது மருமவனே." பிறகு என்னைப் பார்த்து மூக்கைத் தொட்டு வணக்கம் வைத்துவிட்டு டாக்சியில் ஏறினார். கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது.

மே 15, வெள்ளி

கிரியேட்டினின் இறங்கியிருக்கிறது. கொஞ்சம்தான். கொஞ்சம் என்றாலும் இறக்கம் இறக்கம்தான் என்று சின்ன டாக்டர் அக்கா சொன்னார்.

அப்பாவிடம் சொல்ல ஓடினேன். அவர் மரத்தடியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் தூங்கிவிட்டேன்.

மே 16, சனி

விமான நிலையம். எல்லோருக்கும் தூக்கம் கெட்ட முகம். டீலர்கள் வாங்கிய பொம்மைகளையும் காபித்தூளையும் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வந்து அம்மாவைப் பார்த்தார்கள். சிலர் தூரத்திலிருந்து அப்பாவின் வயிற்றைப் பார்த்தார்கள். ஏரியா மேனேஜர் கை கொடுத்தார். கையைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டார்.

அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளி வந்தேன். ஊருக்குப் போனதும் திரும்ப டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் கொடுக்க வேண்டும். முழுசாகப் பழையபடி ஆகுமா என்று அப்போதுதான் சொல்வார்களாம்.

சாப்பாட்டுக் கடையில் அரிசிக் கஞ்சி இருந்தது. அப்பா போய் வரிசையில் நின்றார். அடுப்பிலிருந்து நேராக ஊற்றச் சொல்லி சைகையில் சண்டை போட்டு ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு வந்தார். ஆவி பறந்தது. அம்மாவின் முன்னால் வைத்தார்.

"உங்களுக்குங்க?"

"நீ சாப்புடு மொதல்ல. எனக்கு அப்பறமாத் தனியா வாங்கிக்கறேன்."

"நீங்க சாப்புடுங்க, நான் கொஞ்சம்..."

"சாப்புடு, தமயந்தி."

அம்மா கரண்டியை எடுத்தாள். எதிரே அப்பா. பக்கத்தில் நான். இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எதுக்குடா இப்பிடிக் காவல் உக்காந்திருக்கறீங்க ரெண்டு பேரும்? எறங்குமா எனக்கு?"

நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். கரண்டிச் சத்தம் கேட்டது. நின்றது. திரும்பக் கேட்டது. நின்றுவிட்டது. அம்மாவுக்குப் பாதிகூட இறங்கவில்லை. கிண்ணத்தை அப்பாவின் பக்கம் நகர்த்தினாள். பிறகு இழுத்துக்கொண்டாள். கடைக்காரன் கொடுத்திருந்த மூடியை எடுத்து மூடினாள். விளிம்பைச் சுற்றி விரலால் அழுத்தினாள். கை தன்னால் பைக்குப் போனது. பையின் ஜிப்பைத் திறந்தும் விட்டாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஜிப்பை மூடினாள். கிண்ணத்தோடு எழுந்தாள். நான் நாற்காலியைத் தள்ள வந்தேன், வேண்டாம் என்று நடந்தாள். தூணுக்குப் பக்கத்தில் குப்பைத்தொட்டி. அதன் முன்னால் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் பெட்டியோடு வந்த ஒருவர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நீ போடு சாமி" என்றாள். "எனக்குக் கை வரல."

வாங்கினேன். இன்னும் சூடு இருந்தது. போட்டேன்.

"எவ்வளவு இருந்துச்சு?"

"பாதிக்கு மேலம்மா."

"அய்யோ" என்றாள். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.